கயிறு போவுதா, பாய்?

அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. பெயரை எழுத உட்கார்ந்தாலே கோபம் வந்து, சொல்ல வந்தது பாதியில் விட்டுப்போகிறது. அதனால் என் பட்டறையில் எல்லோரும் கூப்பிட்டபடி டெஸ்ட் சார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எனக்குச் செங்கம் ரோட்டில் லேத் பட்டறை. வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டும் ஸ்கூட்டரின் உடைந்த ஸ்டாண்டிலிருந்து கரும்பு ஜூஸ் மெஷினின் உருளை வரைக்கும் எல்லாம் என்னிடம் வரும். ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு காபிக் கடைக்கு மேலே அவர் அறை எடுத்திருந்தார். தியானம் பண்ண வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு பைக்கில் போவார், சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு வருவார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடக்குறைய. தலை மட்டும் எனக்கு முன்னால் நரைத்துவிட்டது.

கண்ணால் பார்க்காத எண்ணை அவர் எழுத மாட்டார். அவரைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஒருமுறை பேருந்து நிலையத்தில் ரத்ததான முகாம் போட்டிருந்தார்கள். படிவத்தில் எடை என்ற இடத்தில் எல்லோரும் குத்துமதிப்பாக ஒன்றை எழுதிக்கொண்டிருக்க, இவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மெஷின் எங்கங்க இருக்குது?" என்றார். எடை மெஷின் வரவில்லை என்றார்கள். பக்கத்து மருந்துக்கடையில் போய் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்து எழுதினார். போளூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "நான் அளக்கலைங்க" என்பார். போர்டில் போட்டிருக்கிறதே என்றால், "போர்டு வச்சவரு அளந்தாரானு எனக்குத் தெரியாதே" என்பார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஒரு ரம்ஜானுக்கு என் தங்கை வீட்டுக்கு அழைத்துப்போனேன். "போன வருஷத்த விட பிரியாணி நல்லா வந்திருக்குதா சார்?" என்று அவள் கேட்டாள். "போன வருஷம் நான் சாப்பிடலையேம்மா" என்றார். அவள் அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவர் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். பூமி மெத்தென்று இருக்கும் இடத்தில் கட்டடத்தையோ பெரிய இயந்திரத்தையோ நிறுத்துவதென்றால், கான்கிரீட் தூண்களை ஆழமாகப் பூமிக்குள் இறக்குவார்கள். அதற்குப் பைல் என்று பெயர். அதன் தலையில் தொப்பி மாதிரி ஒரு கான்கிரீட் மேடை இருக்கும். அந்தத் தொப்பியின் மேல் அதிரவைக்கும் மெஷின் ஒன்றைப் பூட்டி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த வேகத்தில் பைல் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. ஒவ்வொரு பைலுக்கும் ஒரு வேகம் உண்டு. அது வந்ததும் பேய் பிடித்ததுபோல ஆடும். மேலே உட்காரப்போகும் இயந்திரம் அதே வேகத்தில் ஓடுமானால், இயந்திரமும் கெடும், அக்கம்பக்கத்து வீடும் கெடும்.

அந்த அதிரவைக்கும் மெஷினைச் செய்துகொடுத்தவன் நான். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு தண்டு, ஒவ்வொன்றிலும் அரைவட்டமாக ஓர் இரும்பு எடை. இரண்டும் சமமாக இருந்தால்தான் மெஷின் பக்கவாட்டில் உதறாமல் மேலும் கீழுமாக மட்டும் அதிரும். கடைந்து முடித்து, "ரெண்டும் ஒண்ணுதான் சார், எடுத்துக்கங்க" என்றேன். "நீங்க பாத்தீங்களா பாய்?" என்றார். முப்பது வருஷம் இரும்போடு இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா? அவர் இரண்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு தேரடி வீதியில் வெள்ளிப் பாத்திரக் கடைக்குப் போய்விட்டார். கொலுசு எடைபோட வந்திருந்த பெண்கள் நடுவில், எண்ணெய் சொட்டும் இரும்பைத் தராசில் வைத்தாராம். மூன்று கிராம் வித்தியாசம். திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல், "ஒண்ணு ஜாஸ்தி பாய்" என்றார். துளை போட்டுக் குறைத்துக் கொடுத்தேன். எனக்கு முகம் செத்துப்போனது. ஆனாலும் அன்று முதல் அந்த மனுஷனை எனக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் அவர் டெஸ்ட் போகிற இடத்துக்கெல்லாம் மெஷினோடு நானும் போக ஆரம்பித்தேன். பெல்ட் நழுவினால் பார்க்க ஆள் வேண்டும் என்பது ஒரு சாக்கு.

ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ஒரு கயிற்று வேலை உண்டு. தொப்பிக்கு அடியில் இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்து, நாலு விரல் இடைவெளி விட வேண்டும். பிறகு ஒரு சணல் கயிற்றை அந்த இடைவெளிக்குள் விட்டு, பைலைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டு ரம்பம் இழுப்பதுபோல இழுப்போம்.

"கயிறு போவுதா, பாய்?"

"போவுது சார்."

மூன்று தரம் கேட்பார். மூன்று தரமும் நான் சொல்ல வேண்டும். எங்காவது ஒரு கைப்பிடி மண் முட்டினாலும் குப்புறப் படுத்துக் கையை விட்டு வழித்து எடுப்பார். எதற்கு இந்தப் பாடு என்று முதல் தடவை கேட்டேன்.

"மண்ணு இன்னிக்கு தொப்பிய தாங்கிக்கும் பாய். ஆடறது கம்மியா தெரியும். ஒரு மழ பேஞ்சு காஞ்சா அது எறங்கிடும். அப்ப பைலு தனியாதான் நிக்கும். தனியா நிக்கும்போது என்னா பண்ணுதுனு இப்பவே பாக்கணும்."

வேலை முடிந்ததும் அந்தக் கயிற்றை முழங்கையில் சுற்றிப் பெட்டியில் வைப்பது என் பொறுப்பு. ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் இடத்தை விட்டு நகர மாட்டார்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தாண்டி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பைலை டெஸ்ட் பண்ணினோம். எண் கொஞ்சம் கூடுதலாக வந்தது. காண்ட்ராக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரவுண்டா ஒரு நம்பர போட்டுடுங்க சார், யாருக்கு என்னா நஷ்டம்?" என்றார். "போட்டுடலாங்க. மெஷின் அந்த நம்பர காட்டட்டும், உடனே போட்டுடறேன்" என்றார் இவர். அவ்வளவுதான், வேலை போயிற்று. மெஷினைக் காலடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தோம். வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னொரு தரம் நல்ல எண்ணாகவே வந்தது. அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஸ்பெஷல் பஸ்கள் தரை அதிர வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "இதுல பைலு எவ்வளவு, பஸ் எவ்வளவுனு எனக்குத் தெரியல" என்று நல்ல எண்ணையும் அடித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை என்றால் எனக்காக நிறுத்துவார். "பாய் தொழுதுட்டு வரட்டும், அதுவரைக்கும் மெஷின் தூங்கட்டும்" என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார். எத்தனையோ வெள்ளிக்கிழமை. ஒரு நாளும் தவறியதில்லை.

கீழ்பென்னாத்தூரில்தான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் வேன் ஓட்டுகிறார். அவள் வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். கல்யாண மாதங்களில் ராத்திரி பகல் பார்க்காமல் தைத்துத்தான் அந்த வீட்டை எழுப்பினார்கள். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரைஸ் மில். ஏரியை ஒட்டிய களிமண் பூமி அது. மில்காரர் பெரிய அரவை மெஷின் ஒன்றைக் கொண்டுவரப் போவதாகத் தெரிந்ததும், தெருக்காரர்கள் திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸில் போய் மனு கொடுத்தார்கள். பைல் போட்டு, அதை டெஸ்ட் பண்ணி, ஆட்டம் கம்மி என்று எழுத்தில் வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால் மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

டெஸ்ட் சாரின் பெயரை மில்காரருக்குச் சொன்னவன் நான்தான். டெஸ்டுக்கு முன்னாலேயே மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், என் தங்கை மட்டும் போடவில்லை. "எனக்கு பயமா இருக்குது அண்ணே. இந்த வீடு ஒண்ணுதான் எங்களுக்கு" என்றாள்.

"டெஸ்ட் பண்ணப்போறது யாருன்னு தெரியுமில்ல? உன் பிரியாணிக்கே பொய் சொல்லாத மனுஷன். அவரு நல்லா இருக்குதுன்னு எழுதினா நீ போடு. இல்லன்னு எழுதினா நானே வந்து உன்கூட மனு குடுக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை தொப்பிக்கு அடியில் மண்ணை எடுத்துவிட்டு மெஷினைப் பூட்டினோம். சாயங்காலம் சும்மா ஓட்டிப் பார்ப்பதற்காக வேகத்தை ஏற்றினார். பாதி வேகம் தாண்டியதும் என் செருப்புக்கு அடியில் தரை குறுகுறுவென்று ஏறியது. ஆட்டத்தைக் காட்டும் முள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. மில் மெஷினின் வேகத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அவர் சட்டென்று சுவிட்சை அணைத்தார்.

"பெல்ட் சத்தம் சரியில்ல பாய்."

நான் பெல்ட்டைப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. மில்காரர் அவரை ஓரமாக அழைத்துப்போய், பைக் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் பெட்டியைக் கட்டினேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளி. காலையில் கயிற்றைப் போட்டு இழுத்தோம். "கயிறு போவுதா, பாய்?" மூன்று தரம் கேட்டார், மூன்று தரம் சொன்னேன். கயிறு உள்ளேயே இருக்கட்டும், ஓட்டுவதற்கு முன்னால் இன்னொரு தரம் பார்க்கலாம் என்றார். பாங்கு சத்தம் கேட்டதும், "நீங்க போயிட்டு வாங்க பாய், அவசரமில்ல" என்று தன் பைக் சாவியையே கொடுத்தார்.

தொழுதுவிட்டு வந்தேன். மெஷினைக் கழற்றி வைத்திருந்தார்கள். தோண்டிய குழி மூடப்பட்டு, தொப்பியின் மேல்பக்கம் மட்டும் தெரிந்தது.

"இன்னா சார், முடிஞ்சிடுச்சா?"

"கரண்ட் போயிடும்னு சொன்னாங்க. அதான் ஓட்டிட்டேன். நல்லா வந்திருக்குது பாய்."

"குழிய அதுக்குள்ள மூடிட்டாங்களே?"

"ஆடு மாடு விழும்னு ஓனர் மூடச் சொல்லிட்டாரு."

"கயிறு எங்க சார்?"

"எங்கியோ போட்டுட்டேன். வேற வாங்கிக்கலாம்."

ஒரு ஸ்பேனருக்காக அரை நாள் தேடுகிற ஆள் இதைச் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன். என் மரமண்டையை எதால் அடித்துக்கொள்வது? அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. என் தங்கை கையெழுத்துப் போட்டாள். பேனாவை நான்தான் கொடுத்தேன்.

மெஷின் வந்தது. முதல் சில மாதம் ஒன்றுமில்லை. மழைக்காலம் போய் வெயில் ஏறியதும் ஆட்டம் ஆரம்பித்தது. ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பிக் கூரை வரைக்கும் போனது. அலமாரியில் டம்ளர்கள் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தன. மெஷின் ஓடும்போது ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, தையல் கோணிக்கொண்டு போகிறது என்று வாடிக்கைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி மனு கொடுத்தபோது, ரிப்போர்ட்டையும் அவளுடைய கையெழுத்தையும் எடுத்துக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, எதையோ யோசித்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு ஆடவே இல்லியே அண்ணே. நீ தொழுகைக்குப் போயிருந்த. நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். நாலு ஆளுங்க தொப்பிக்கு அடியில மண்ண ரொப்பி, தண்ணி ஊத்தி, கம்பியால இடி இடினு இடிச்சாங்க. அப்புறம் மெஷின ஓட்டினாங்க. இங்க ஒரு டம்ளர் கூட அசையல."

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். "நல்லா ஞாபகப்படுத்தி சொல்லு. மண்ண ரொப்பினது ஓட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடிதான். ஏன்?"

"சார் எங்க இருந்தாரு?"

"வேப்பமரத்தாண்ட நின்னுட்டு இருந்தாரு. மண்ணு போடற பக்கம் முதுக காட்டிக்கிட்டு ஏரியவே பாத்துட்டு நின்னாரு. ஓட்டும்போதுதான் வந்தாரு."

அவளுக்கு நான் எதையும் விளக்கவில்லை. "சார ஒரு தரம் வந்து பாக்கச் சொல்லு அண்ணே" என்றாள். மில் மெக்கானிக் எனக்குப் பழக்கம். அவனிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனேன். மெஷின் உட்கார்ந்த பைல்கள் வேறு, டெஸ்டுக்கென்று போட்ட பைல் மூலையில் தனியாக நின்றது. ஒரு தகரத்துண்டால் தொப்பியின் ஓரத்தைக் கிளறினேன். அந்த இடத்து மண்ணே இல்லை, எங்கிருந்தோ கொண்டுவந்த கெட்டிச் செம்மண். ஒரு சாண் ஆழத்தில் சணல் முனை தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தேன். காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். ஒரு நூல்கூட நகரவில்லை. கயிறு போவுதா பாய், கயிறு போவுதா பாய் என்று அவர் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே தெரிந்த அளவுக்குக் கத்தியால் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அவர் பணம் வாங்கினாரா, மிரட்டினார்களா, வேறு ஏதாவது கட்டாயமா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் அலையவும் இல்லை. என்னைக் குடைந்தது வேறு. அந்த வேலைக்கு அவர் என் தொழுகை நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். எத்தனையோ வெள்ளிக்கிழமை எனக்காகக் காத்திருந்தவருக்கு, நான் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வருவேன் என்பது நிமிஷக் கணக்கில் தெரியும்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் பட்டறை வாசலில் அவர் பைக் வந்து நின்றது. கையில் பளபளவென்று ஒரு புதுச் சணல் கயிறு.

"செய்யாறு பக்கம் ஒரு வேல இருக்குது பாய். வியாழக்கிழம கெளம்பலாமா? கயிறுகூட வாங்கிட்டேன்."

நான் லேத்தை நிறுத்தினேன். டிராயரைத் திறந்து, செம்மண் ஒட்டிய அந்தப் பழைய துண்டை அவர் முன்னால் வைத்தேன்.

"பழைய கயிறு கெடச்சிடுச்சு சார்."

பார்த்தார். தொடவில்லை. முகத்தில் கோபமோ பயமோ வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ரிப்போர்ட்டைத் திருத்தும்போது இருக்கிற அதே முகம்தான்.

"நான் பாக்காத நம்பர் ஒண்ணுகூட அந்த ரிப்போர்ட்ல எழுதல பாய். மெஷின் காட்டினதத்தான் எழுதினேன்."

"மண்ண ரொப்பினத பாத்தீங்களா சார்?"

அவர் கண் லேத்துப் பக்கம் போனது.

"அது என் தங்கச்சி வீடு. உங்களுக்கு சோறு போட்டவ. நான் சொன்னேன்னுதான் கையெழுத்து போட்டா."

அவர் புதுக் கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் வாயிலிருந்து கெஞ்சல்தான் வந்தது.

"சண்டைக்கு கூப்பிடல சார். ஒரே ஒரு தரம் கீழ்பென்னாத்தூர் வாங்க. மெஷின் ஓடும்போது அந்த செவுத்துல கைய வச்சு பாருங்க. அவ அதத்தான் கேக்கறா. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டாண்டை எடுத்தார். என்னைப் பார்க்காமல், செங்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் போலக் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"பாத்துட்டா எழுதணும் பாய்."

போய்விட்டார். அடுத்த மாதம் அறையைக் காலி செய்துவிட்டதாகக் காபிக் கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் பட்டறைக்கு வந்துபோன அன்று சாயங்காலமே தங்கை போன் பண்ணினாள்.

"சார பாத்தியா அண்ணே? வரேன்னாரா?"

அவர் சொன்னதை அப்படியே அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன், அவருடையதையா, என்னுடையதையா, எனக்கே தெரியவில்லை.

"அவரு ஊர்ல இல்லியாம். வந்ததும் சொல்றேன்னு காபிக் கடையில சொன்னாங்க."

"ம்" என்றாள். அவள் நம்பவில்லை என்பது எனக்குப் புரிந்தது. பிறகு, அவளுக்குப் பின்னால் எங்கோ, மில் மெஷின் மெல்ல உறுமத் தொடங்கியது போனிலேயே கேட்டது.

"சரி அண்ணே, வையி" என்றாள். "டம்ளரெல்லாம் எறக்கி வைக்கணும்."